கொடுத்த பணம் திரும்பி வராதபோது: மதுரை வட்டாரத்தில் சட்டப்படி கேட்கும் வழிகள்

கொடுத்த பணம் இனி வராது என்று மனம் துணிந்த பிறகே பெரும்பாலோர் வக்கீலைத் தேடிப் போகிறார்கள். அங்கே அவர்கள் எதிர்கொள்ளும் முதல் கேள்வி ‘எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்பதாக இருப்பதில்லை. ‘எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்?’ என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்குக் காரணம் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் அதில் உள்ள தேதியிலிருந்தே 3 ஆண்டுகள் கணக்கிடப்படும். நீங்கள் முதன்முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்ட தேதிக்கு இங்கே வேலை இல்லை. சித்திரைத் திருவிழா முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளையின் கல்யாணம் முடியட்டும் என்று கடன்காரர் சொல்லும் தவணைகளை எல்லாம் நம்பிக் காத்திருந்தவரின் பணம் சட்டப்படி கேட்க முடியாத பணமாகிவிடுவது நம் ஊரில் அன்றாடம் நடப்பதுதான். தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் வசதி மேல்முறையீடுகளுக்கு உண்டே தவிர, முதல் வழக்குக்குக் கிடையாது. கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில், குறிப்பாக மே மாதக் கோடை விடுமுறையில், விழுந்தால் மட்டும் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

ஆகவே பணம் கிடைக்காவிட்டாலும் காலத்தையாவது வாங்கி வைத்துக்கொள்வது முதல் வேலையாகும். கெடு முடிவதற்குள், கடன் பாக்கி உண்டு என்று கடன்காரர் தம் கையொப்பத்துடன் எழுதிக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்து, அதை அவர் தம் கைப்பட எழுதினாலும் கையொப்பமிட்டாலும் அதே பலன் உண்டு. மேலூர்க்காரர் ஒருவர் 12.6.2023 அன்று 2 லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் 2026 ஜூன் 12ஆம் தேதியோடு அது வெற்றுத் தாளாகிவிடும். 20.3.2025 அன்று கடன்காரர் கொடுத்த 10,000 ரூபாயை அந்த நோட்டின் பின்புறத்தில், ‘இன்று இந்நோட்டின் வகையில் ரூ.10,000 செலுத்தினேன்’ என்று அவர் கையாலேயே எழுத வைத்துக் கையொப்பமும் தேதியும் வாங்கியிருந்தால், கெடு 2028 மார்ச் வரை நீளும். இந்த வரவைக் கடன் கொடுத்தவரே தம் கைப்பட எழுதிக்கொள்வதும், ‘மாமா, வரவு போட்டுக்குங்க’ என்று கடன்காரர் சொன்னதை நம்பி நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் பயன்படாது. எழுத்தோ கையொப்பமோ அந்தத் தொகையைச் செலுத்திய கடன்காரருடையதாக இருக்க வேண்டும். ‘கொஞ்சம் பொறுங்க, கண்டிப்பாத் தந்துடுறேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தி கடன் இருந்தது என்பதற்கு நல்ல சான்றுதான். ஆனால் கெடுவை நீட்டிக்க அதை மட்டும் நம்பியிருப்பது தகாது.

கெடு கடந்துவிட்ட கடனுக்கும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. கடன்காரர் அந்தப் பழைய பாக்கியைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டு உறுதி கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். உறவுக்குள் கொடுத்த பணமானால், பெரியவர்கள் கூடிப் பேசும்போது இப்படி ஒரு தாளை வாங்கிவிடுவது பத்துப் பஞ்சாயத்துகளைவிட மேலானது.

கையில் என்ன இருக்கிறது?

வழி எது என்பதைக் கடன்காரரின் குணத்தை வைத்துத் தீர்மானிப்பதைவிட, உங்கள் பீரோவில் உள்ள தாளை வைத்துத் தீர்மானிப்பதே சரி. புரோநோட்டு, கடன் பத்திரம், காசோலை, வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிபே பதிவு, குறுஞ்செய்திகள், கொடுக்கும்போது உடனிருந்தவர்கள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புரோநோட்டில் வருவாய் வில்லை ஒட்டி அதன் மேல் கையொப்பம் பெறப்பட்டிருக்க வேண்டும். வில்லையில்லாத நோட்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, பின்னர் அபராதம் கட்டியும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. கைப்பேசியில் உள்ள செய்திகளைத் தாக்கல் செய்யும்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பதால், அந்தக் கைப்பேசியை விற்காமலும் செய்திகளை அழிக்காமலும் வைத்திருங்கள்.

எழுத்தே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர்களும் வழக்குப் போடலாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால் நிரூபிக்கும் பாரம் முழுவதும் உங்கள் தலையில் விழும். அத்துடன் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதற்கான அபராதம் வாங்கியவருக்கு உரியது என்றாலும், எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தொடும் இடம் அதுதான், ‘அவ்வளவு ரொக்கம் உமக்கு எங்கிருந்து வந்தது?’ என்பது அடுத்த கேள்வி.

வட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘ரெண்டு வட்டி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஆண்டுக்கு 24 சதவீதம். உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் நடத்துவதைத் தமிழ்நாடு கடன் கொடுப்போர் சட்டமும், கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்றவற்றை 2003ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டமும் தண்டிக்கின்றன. பின்னதில் 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரிந்தவருக்கு ஒருமுறை உதவியவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐந்து வட்டிக்குக் கொடுத்து, நிரப்பாத புரோநோட்டையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கி வைத்திருப்பவர் வாதியாக நுழைந்து குற்றவாளியாக வெளியேறக்கூடும்.

நோட்டீஸ்

வழக்குக்கு முன் வக்கீல் மூலம் அறிவிப்பு அனுப்புவது சாதாரணக் கடன் வழக்கில் கட்டாயமில்லை என்றாலும், அனுப்புவதே நல்லது. எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வகையில் கொடுக்கப்பட்டது, எவ்வளவு வரவானது, இன்று பாக்கி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும்; ஏச்சும் மிரட்டலும் வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் பதிவு வசதியுடனும் ஒப்புகையுடனும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலைக் கடன்காரர் வாங்க மறுத்துத் திருப்பினாலும் அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

காசோலை திரும்பியிருந்தால்

காசோலை கையில் இருப்பவருக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கூர்மையான கருவியாகும், ஆனால் அதன் நாள் கணக்கு இரக்கமற்றது. காசோலையை அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். பணமில்லை என்றோ, கணக்கு மூடப்பட்டது என்றோ, பணம் கொடுக்க வேண்டாம் என எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது என்றோ வங்கி அதைத் திருப்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், நீங்கள் காசோலையைச் செலுத்திய கணக்கு எந்த வங்கிக் கிளையில் உள்ளதோ, அந்த இடத்து நீதிமன்றமே உரியது. கடன்காரர் திருப்பூரில் இருந்தாலும் உங்கள் கணக்கு திருமங்கலத்தில் இருந்தால் வழக்கும் அங்கேதான் நடக்கும்.

அறிவிப்பில் கேட்கும் தொகை காசோலைத் தொகையோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்பதானால் அவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும். தட்டச்சில் ஒரு சுழியம் கூடிவிட்டதற்காகவும் வழக்கு விழும் என்பதை 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆகவே வக்கீல் அலுவலகத்தில் கையொப்பமிடும் முன் அந்த ஒரு வரியையாவது நீங்களே படித்துப் பாருங்கள். காசோலை வாங்கிய பிறகு கடனில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தால், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போடுவதும் வழக்கைக் கெடுக்கும்.

இந்தப் பிரிவில் 2 ஆண்டு வரை சிறையும் காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். கையொப்பம் தம்முடையதுதான் என்று எதிரி ஒப்புக்கொண்டால், கடன் இல்லை என்று காட்டும் பாரம் அவர் பக்கம் சாய்கிறது. குற்றத்தை அவர் மறுத்து வழக்காடும்போது, காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கேட்கவும் 2018 திருத்தம் வழி செய்திருக்கிறது. இந்த மனுவைப் போடாமலே பல வழக்குகள் வாய்தாவில் உருண்டுகொண்டிருக்கின்றன. காசோலை வழக்கு நடக்கும் காலம் உரிமையியல் வழக்கின் 3 ஆண்டுக் கெடுவை நிறுத்தாது என்பதையும் மறந்துவிடலாகாது. இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தச் சட்டம் இடம் தருகிறது.

பண வழக்கு

மற்றவர்களுக்கு உரியது உரிமையியல் நீதிமன்றத்தில் போடும் பண வழக்கு, அதாவது ஓ.எஸ். தொகையைப் பொறுத்து அது மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ செல்லும். பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலோ பணம் கைமாறிய இடத்திலோ வழக்கைத் தொடுக்கலாம் என்பதால், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பகுதியினர் மதுரை நகருக்கு வர வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. உலகநேரியில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் நேராகப் பண வழக்குப் போடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள், அப்படி முடியாது.

நீதிமன்றக் கட்டணம் 2017க்கு முன் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்து, இப்போது 3 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. 2 லட்சம் ரூபாய் வழக்குக்கு 6,000 ரூபாய் என்று கணக்கிடலாம். வக்கீல் கட்டணம் தனி. வழக்குப் போட்ட பிறகு இரு தரப்பும் சமரசமானால் நீதிமன்றக் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

புரோநோட்டோ எழுத்து மூலமான ஒப்பந்தமோ இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளையின் கீழ்ச் சுருக்க வழக்காகத் தொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் பிரதிவாதி 10 நாட்களுக்குள் வந்து ஆஜராகி, பின்னர் எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியையும் பெற வேண்டும். சொல்லத் தக்க எதிர்வாதம் இல்லையென்றால் சாட்சி விசாரணையின்றியே தீர்ப்பாணை கிடைத்துவிடும்.

எனினும் எந்த வழக்கைப் போடும் முன்னும், எதிரியிடம் என்ன இருக்கிறது என்று விசாரிப்பதுதான் உண்மையான வேலை என்பேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். நிலமானால் பட்டா, சிட்டா பார்க்கலாம். வேலையில் இருப்பவரானால் எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். வழக்கு வருகிறது என்று மோப்பம் பிடித்து வீட்டை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றும் ஏற்பாடு தெரிந்தால், வழக்கோடு சேர்த்தே 38ஆம் கட்டளை 5ஆம் விதியின்படித் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவைப் போட வேண்டும். வெறும் சந்தேகம் இதற்குப் போதாது. வீட்டுத் தரகரிடம் விலை பேசியது, விற்பனை ஒப்பந்தம் பதிவானது என ஏதேனும் ஒன்றைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுவதற்காகவே செய்யப்பட்ட மாற்றத்தைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி பின்னர் எதிர்க்கவும் முடியும். ஆனால் அது இன்னொரு நீண்ட வழக்கு.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலும் கடன் செத்துவிடாது. அவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகளின் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்கு அவர்கள் பொறுப்பாவார்கள். அதற்கு மேல் மகனின் சம்பளத்தைக் கேட்க முடியாது.

ஒத்தி, சீட்டு, சரக்குப் பாக்கி

மதுரையில் ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருக்கும் ஏற்பாட்டில், வீடு பிடிப்பது இன்றும் பரவலாக உள்ளது. காலம் முடிந்தும் வீட்டுக்காரர் ஒத்திப் பணத்தைத் தராவிட்டால், சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பதிவு செய்த ஒத்தியில் பணம் திரும்பும் வரை அனுபவத்தில் இருக்கும் உரிமையே உங்கள் காப்பு. ‘காலி பண்ணுங்க, புது ஆள் வந்ததும் தர்றேன்’ என்ற சொல்லை நம்பி வெளியேறியவர், அந்தக் காப்பைக் கைவிட்டு வீட்டுக்காரரின் பின்னால் அலைய வேண்டிவரும். பத்திரத்தில், தவணை முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவு செய்யப்படாமல் வெறும் முத்திரைத் தாளில் எழுதப்பட்டிருந்தால், சட்டத்தின் பார்வையில் அது அடமானமாகாது. பணத்தைக் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும் என்பதால், அதன் கெடுவை உடனே வக்கீலிடம் காட்டிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு பெற்ற ஏலச்சீட்டில் தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்காது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படிச் சீட்டுப் பதிவாளரிடம் மனுச் செய்ய வேண்டும். வைப்புத் தொகை வாங்கிய நிதி நிறுவனம் மூடிவிட்டுப் போனால், பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்து கொடுத்தவர் போன்ற சிறு உற்பத்தியாளர்கள், சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் (Udyam) பதிவு வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி வசதியாளர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கும் நிறுவனம், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். சரக்கை வாங்கி விற்கும் கீழமாசி வீதி வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அவருடைய பாக்கி 3 லட்சத்தை எட்டினால் அது வணிகத் தகராறாகும் என்பதால், அவசர நிவாரணம் எதுவும் கேட்காத வழக்கில் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகச் சமரசத்துக்கு முயன்றாக வேண்டும்.

போலீஸ்

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தும், காவல் நிலையத்துக்கு நடந்தும், கெடுவில் பாதியைக் கரைத்தவர்கள் ஏராளம். கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி மோசடி; இல்லாத மனையைக் காட்டி முன்பணம் வாங்கியது அந்த வகை. அதற்கு மாநகரக் குற்றப் பிரிவையோ, புறநகரில் மாவட்டக் குற்றப் பிரிவையோ அணுகலாம். பணத்தை வசூலித்துக் கொடுப்பது காவல்துறையின் வேலையன்று என்று உச்ச நீதிமன்றம் 2024இலும் கண்டித்திருக்கிறது. அரசு வேலைக்காக லஞ்சமாகக் கொடுத்த பணத்தைக் கேட்டுப் போகிறவர், தாமும் அந்தக் குற்றத்தில் சிக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடன்காரரின் வண்டிச் சாவியைப் பிடுங்குவதும், கடையைப் பூட்டுவதும், ஆள் வைத்து மிரட்டுவதும் உங்கள் மீது வழக்கு வரச் செய்து, அவருக்குப் பேரம் பேசும் பலத்தைக் கொடுக்கும்.

செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்து எதிர்த் தரப்பை அழைக்கச் செய்யலாம்; மக்கள் நீதிமன்றத்தில் தவணை முறையில் ஒத்துக்கொண்டு கையொப்பமிட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மீது மேல்முறையீடு கிடையாது. ஐம்பதாயிரம், எழுபதாயிரம் போன்ற தொகைகளுக்கு இதுவே தக்க இடம் என்பது என் கருத்து.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பாணை கையில் வந்தவுடன் பணம் வந்துவிடாது. நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி., போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. வீடு, மனை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஜப்தி செய்யலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரு பங்கையும் விட்டுவிட்டு எஞ்சியதைப் பிடிக்கலாம், அதுவும் மொத்தம் 24 மாதங்களுக்கு மட்டும். ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, கைவினைஞரின் கருவிகள், உழவரின் மாடும் கலப்பையும் அவர் குடியிருக்கும் வீடும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. செல்லூர் நெசவாளியின் தறியை ஏலம் விட்டு உங்கள் பாக்கியைத் தீர்க்க முடியாது.

வசதி இருந்தும் தர மறுக்கிறார் என்று காட்ட முடிந்தால், கடன்காரரைக் கைது செய்து உரிமையியல் சிறையில் 3 மாதம் வரை வைக்கக் கேட்கலாம். பெண்களை இப்படிக் கைது செய்ய முடியாது. உள்ளே இருக்கும் நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுச் செலவை நீங்களே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத விவரம். பெரும்பாலும் கைது வாரண்ட் பிறந்தவுடனேயே எங்கிருந்தோ ஒரு பகுதிப் பணம் முளைத்துவிடும்.

அந்தக் கட்டத்தில் சிலர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுவார்கள். திவால் மனுவின் அறிவிப்பு உங்களுக்கு வந்தால் ‘போயிற்று’ என்று கிழித்துப் போடாமல், குறித்த தேதியில் ஆஜராகி எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். பட்டியலில் காட்டப்படாத சொத்து இருந்தால் அதன் வில்லங்கச் சான்றைத் தாக்கல் செய்யுங்கள். அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, திவால் மனு தாக்கலானதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் கைம்மாறின்றி எழுதிக் கொடுத்த தானப் பத்திரங்கள் இருந்தால், அவற்றை ரத்துச் செய்யும்படி 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம்.